கழி, கம்பம், கால்: சாமிதாஸ் எழுதிய அரைப் பக்கம்

சாமிதாஸின் மகள் ஷீலாவின் போன் வந்தபோது காலை ஏழு மணி இருக்கும். நான் பல்கூட விளக்கவில்லை. "அங்கிள், அப்பா போயிட்டாரு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறோம், வந்துடுங்க" என்றாள். அழவில்லை. ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்த பெண், அழுது முடித்திருப்பாள். நான் ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யார் போன் என்று மனைவி இரண்டு முறை கேட்டாள். பதில் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது. சில செய்திகளை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அவை உண்மையாகிவிடும்.

செம்பாக்கத்தில் அவர் வீட்டிலிருந்து கல்லறைக்குக் கொண்டுபோகும்போது வெயில் தாழ்ந்திருந்தது. குழிக்கு மேல் இரண்டு சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் பெட்டியை வைத்தார்கள். ஜெபம் முடிந்ததும் கட்டைகளை உருவிவிட்டுக் கயிற்றில் இறக்க வேண்டும். என் பக்கத்தில் நின்ற குழி வெட்டுகிறவரிடம், இந்தக் கட்டைகளுக்கு உங்களுக்குள் ஏதாவது தனிப் பெயர் உண்டா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, கொஞ்சம் சும்மா இருங்கள் சார் என்றார்கள். நியாயம்தான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் படுத்திருந்த மனுஷன் அந்த இடத்தில் நின்றிருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலானோருக்கு அவரை ஊரப்பாக்கம் டுடோரியலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த தாஸ் சாராகத்தான் தெரியும். அதற்கு முன்னால், எண்பதுகளின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தின் மாடியில் அவரும் நானும் எதிரெதிர் மேஜை. முதலாளிக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம் தமிழ் அகராதி ஒன்று போட்டுவிட வேண்டும் என்று ஆசை. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. ஒரு நாளைக்கு ஆளுக்கு நாற்பது சீட்டு. இருவருக்கும் ஒரே வயது, ஒரே சம்பளம். எம்.ஏ. படித்தவன் என்பதால் பொறுப்பு என்று ஒன்றை என் தலையில் கட்டியிருந்தார்கள். பொறுப்பு என்றால் வேறொன்றுமில்லை, சீட்டு குறைந்தால் திட்டு வாங்குவது.

'பி' எழுத்து வரைக்கும் வண்டி ஓடியது. 'போல்' (pole) என்று நான்கெழுத்து ஆங்கிலச் சொல் வந்தது. கம்பம், கழி, துருவம் என்று மூன்றும் எழுதி ஐந்து நிமிஷத்தில் சீட்டை என் பக்கம் தள்ளினார் தாஸ். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் காலை வந்தவர் டிபன் டப்பாவைக்கூட கீழே வைக்காமல் அந்தச் சீட்டைத் திருப்பிக் கேட்டார். பஸ்ஸில் வந்தபோது கண்டக்டர் ஒரு பள்ளிக்கூடப் பையனைப் பார்த்துக் கம்பியைப் பிடி என்று கத்தியிருக்கிறான். தாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது.

"நான் கம்பம்னு எழுதி வச்சிட்டு வந்துகினு கீறேன், அவன் கம்பின்றான் சார். ரெண்டும் ஒரே சாமான். அந்தப் பையன் யாரை நம்புவான்?" என்றார்.

யாரையும் நம்ப வேண்டாம், பரீட்சையில் கம்பம் என்று எழுதினால் மார்க் உண்டு என்றேன். அவர் சீட்டைக் கிழித்துப்போட்டார். அங்கே பிடித்தது சனியன்.

அவருடைய வேலை முறை அது. ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைக் கேட்காமல் அதன் பெயரை எழுதக் கூடாது என்பார். "புக்ல இருந்து புக்குக்கு எழுதினா அது காப்பி சார், அகராதி இல்ல" என்பது அடிக்கடி சொல்வது. மற்ற சொற்களுக்கு இதை அளவோடு வைத்திருந்தார். இந்தச் சொல்லில் மட்டும் ஏன் அப்படி இறங்கினார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கண்ணைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒரு கழி நிற்கிற ஊர் எங்கள் ஊர். புதிது புதிதாக மனை போட்டுக்கொண்டிருந்த காலம். வீட்டுக்கு வீடு சாரம் கட்டியிருந்தார்கள்.

ரயில் பாதை ஓரத்துச் சவுக்கு டிப்போவில் ஒரு முழு மத்தியானம் நின்றார். சாரத்துக்குப் போகிற மரம் எது, பந்தலுக்குப் போகிறது எது, கொடி கட்டப் போகிறது எது, ஒவ்வொன்றையும் என்ன சொல்லி வாங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். செம்பாக்கத்தில் அவர் தெருவுக்கு மின்சாரக் கம்பம் நட வந்தவர்களிடம், தமிழில் இதை என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். "போஸ்ட்டுதான் தமிழு" என்றானாம் ஒருவன். அதையும் எழுதிக்கொண்டு வந்தார். அதை அகராதியில் போட முடியாது என்று நான் சொன்னேன். ஊரே சொல்வதை நீங்களும் நானும் வேண்டாம் என்றால் ஆயிற்றா என்று கேட்டார். துருவத்தை மட்டும் விட்டுவிட்டார். "அங்க யாரும் போவப் போறதில்ல சார், அது அங்கயே கெடக்கட்டும்."

அனகாபுத்தூருக்கு ஒரு நாள் போனார். தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டும்போது கீழே முட்டுக் கொடுக்க மூங்கில்களைப் பெருக்கல் குறி மாதிரி நிறுத்துவார்கள் அல்லவா, அதற்கு நெசவாளிகளிடம் பெயர் கேட்கத்தான் பயணம். பஸ் கிடைக்காமல் பாதித் தூரம் நடந்து, வெயிலில் கறுத்துச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடியேறி வந்தார். என்ன பெயர் என்று கேட்டேன்.

"கழின்னு சொல்றாங்க சார்."

"அதைத்தான் நீர் முதல் நாளே எழுதினீரே!"

"ஆமா. ஆனா இப்ப அது கரெக்ட்டுனு தெரிஞ்சிபோச்சி" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எண்பது சீட்டு இருக்க வேண்டிய என் மேஜையில் அன்றைக்கு இருந்தது பன்னிரண்டுதான். எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

ஊரப்பாக்கத்தில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடும்போது இருவருமே போயிருந்தோம். குழியில் நவதானியமும் பாலும் விட்டு, நுனியில் மாவிலை கட்டிய கழிக்கு மஞ்சள் பூசி, ஐந்து பெண்கள் கைவைத்து நட்டார்கள். தாஸ் ஓரமாகக் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு அம்மாவிடம், காலையில் வாங்கி வந்தபோது இதை என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சவுக்குக் கழி என்றாள். இப்போது? இப்போது பந்தக்கால் என்றாள். மஞ்சள் பூசுவதற்கு முன்னாலா, நட்ட பிறகா, எப்போது அது காலாயிற்று என்று அடுத்த கேள்வி. அந்த அம்மா பாவம், நல்ல நாளும் அதுவுமாக யோசித்தாள். பிறகு, வாசலில் கோலம் போட்டுச் சாத்தி வைத்ததுமே கால்தான் என்றாள். கல்யாண வீடு என்பதால் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பும் வழியில் சண்டை போட்டேன். இங்கிலீஷ் படிக்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எதற்கு என்றேன். அந்தப் பிள்ளை வீட்டிலும் கல்யாணம் வரும் என்றார்.

இப்படிப் பதினொரு நாள். பதினோராம் நாள் முதலாளி என்னை மட்டும் கூப்பிட்டார். பள்ளி திறப்பதற்குள் புத்தகம் வராவிட்டால் போட்டது எல்லாம் போச்சு, இனி இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, ஒருவர்தான் இருக்கலாம் என்றார். யாரால் தாமதம் என்று எழுதிக் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம் என்றார். என் மனைவி அப்போது ஏழு மாதம். படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாஸுக்கும் இரண்டு குழந்தைகள். அதுவும் எனக்குத் தெரியும்.

நான் எழுதிக் கொடுத்தேன். சாமிதாஸ் ஒரே சொல்லில் பதினொரு நாள் செலவிட்டார், இந்த வேகத்தில் போனால் அகராதி இந்த ஆண்டு வராது. அவ்வளவுதான், இரண்டு வாக்கியம். ஒரு சொல்லும் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் அதை யாரிடமும் சொல்லிப் புலம்பக்கூட முடியவில்லை.

மாதக் கடைசியில் தாஸ் மேஜையைக் காலி செய்தார். கண் சரியில்லை, சின்ன எழுத்துப் பார்க்க முடியவில்லை, அதனால் நானே நின்றுகொள்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னார். நீங்களும் அப்படித்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கும் அதையே சொன்னார். முதலாளி அவர் மானத்தைக் காப்பாற்ற ஏதோ நல்லபடியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், என் கடிதம் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அந்தச் சொல்லுக்கு அவர் எழுதியதை நான் ஒரு வரி குறைக்கவில்லை. அரைப் பக்கம் வந்தது. பெரிய பெரிய சொற்களுக்கெல்லாம் நாலு வரி, இதற்கு அரைப் பக்கமா என்று முதலாளி குதித்தார். அச்சுக் கோத்தாகிவிட்டது, இனிக் கலைத்தால் இன்னும் தாமதம் என்று சாதித்துவிட்டேன். ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு அரைப் பக்கத்தைக் காப்பாற்றிக் கொடுத்தேன். புத்தகம் வந்தது. முகப்பில் தொகுப்பாசிரியர் என்று என் பெயர் மட்டும் இருந்தது.

அதற்கப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைகள். கோயில் ஆராதனை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டுக்கு வருவார். பதினோரு மணிக்கு ஒரு காபி, ஒரு மணி வரை பேச்சு. அந்த வாரம் காதில் விழுந்த சொற்கள், டுடோரியல் பையன்களின் அட்டகாசம், செம்பாக்கம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று எல்லாம் வரும். அகராதியைப் பற்றி மட்டும் அவராக எடுக்க மாட்டார். ஒரு தடவை என் மகன் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்து ஏதோ சந்தேகம் கேட்டான். முதல் பக்கத்தைப் புரட்டாமல் நேராக உள்ளே போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு மூடி வைத்தார். நான் சமையற்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ ஞாயிறு வாய் வரைக்கும் வந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பதிமூன்று வருஷம் இப்படியே போயிற்று.

அடக்கம் முடிந்து நாலு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மேரி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். இந்தம்மாவிடமாவது சொல்லி இறக்கிவைத்துவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அந்த அச்சாபீஸில் ஒரு லெட்டர் என்று தொடங்கினேன். அவர் தலையை ஆட்டினார்.

"தெரியும் சார். அந்த மொதலாளி அன்னிக்கே இவர்கிட்ட காட்டிட்டாரு."

நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். அது கேள்வியாகக்கூட வரவில்லை.

"நான் சண்டைக்கு வரேன்னுதான் கெளம்புனேன். இவருதான் வாணாம்னுட்டாரு. அவரு வூட்லயும் புள்ளத்தாச்சி கீது, யாரோ ஒருத்தர் போய்தான ஆவணும்னாரு. அப்புறம், எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாரு மேரி, வார்த்தையப் பத்திப் பேச எனக்கு வேற யார் கீறாங்கன்னாரு."

பேச ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷன் தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொண்டு, பதிமூன்று வருஷம் சைக்கிள் மிதித்து என் வீட்டுக்கு வந்து என் காபியைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்கும் வேலையைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை. எனக்கு அலுத்துப்போய்விட்டது. என்மேல்தான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைகளை. அவற்றுக்கு நான் தகுதியில்லை என்பது தெரிந்தும் வைத்துக்கொள்கிறேன், திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த அகராதி உங்களில் பலர் வீட்டில் இருக்கும். பிள்ளைகள் படித்துக் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. முகப்பில் என் பெயருக்கு மேலே, பேனாவால், ஆ. சாமிதாஸ் என்று எழுதிவிடுங்கள். என் பிரதியில் நான் எழுதிவிட்டேன்.