கவிழ்த்து வைத்த கோப்பைகள்

வாசலைத் தாண்டி ஆள் உள்ளே வந்தால்தான் எனிட் டாஸ்வெல் கோப்பையை நிமிர்த்துவார். அதுவரை ஆல்தர்பி பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையின் மேடையில் எல்லாக் கோப்பைகளும் வாய் கவிழ்ந்தே கிடக்கும். லிங்கன் நகரத்திலிருந்து வரும் பஸ் திருப்பத்தில் திரும்பும்போதே கண்ணாடி வழியாகத் தெரிந்துவிடும். டிரைவர் கிளிஃப் இறங்கி நேராக இங்கேதான் வருவான் என்பதும் ஊருக்கே தெரியும். ஆனாலும் அவன் கால் உள்ளே படாமல் அவனுக்கு டீ கிடையாது.

"தெனமும் வர்ற ஆளுதானே நான்? ஊத்தி வச்சா கொறஞ்சா போயிடுவ?"

"வந்தப்புறம் பேசு, கண்ணு."

"பஸ்ஸு நிக்கிறதுக்கும் நான் வர்றதுக்கும் நடுவுல செத்தா போயிடுவேன்?"

அவன் கால் உள்ளே பட்டதும் எனிட் கோப்பையை நிமிர்த்துவார், ஊற்றுவார், அவன் முன்னால் தள்ளுவார். பாதிரியாரே வந்தாலும் இதே சட்டம்தான்.

பருத்த உடம்பு, நீல மேலங்கி, கொண்டையில் செருகிய பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. சர்க்கரையை ஆள் முகம் பார்த்துப் போடுவார். யாரையும் கேட்க மாட்டார். கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்கு மூன்று கரண்டி, சந்தையில் மாட்டை நல்ல விலைக்கு விற்றவனுக்கு அரைக் கரண்டி. எனக்கு இத்தனை வருஷத்தில் ஒன்றுக்கு மேல் விழுந்ததில்லை. என் முகத்தில் அப்படி என்ன செழிப்பைக் கண்டாரோ! உலர்பழ ரொட்டியின் ஓரத்துண்டை மட்டும் எனக்கென்று எடுத்து வைத்து, மேலே பாலாடைக்கட்டியும் வைத்துத் தருவார். அதனால் மன்னித்துவிட்டேன்.

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் வந்தால் எங்கள் ஊர் நினைவு மண்டபத்தில் ஒரு படம் போடுவார்கள். போர்க்காலத்தில் எடுத்த ஆவணப்படம். குண்டுவீச்சு விமானம் ஒன்று ஜெர்மனிக்குப் போய்த் திரும்பும் ஓர் இரவின் கதை. எடுத்தது எங்கள் விமானத்தளத்தில்தான். இப்போது அங்கே பீட்ரூட் விளைகிறது. படத்தின் கடைசியில், திரும்பி வந்த ஏழு பேரும் தகரக் கொட்டகைக்குள் சிரித்தபடி நுழைவார்கள். சீருடை அணிந்த ஒரு பெண் அவர்களுக்கு டீ ஊற்றுவாள். "எல்லோரும் பத்திரமாக வீடு வந்தார்கள்" என்று கனத்த குரல் ஒன்று சொல்லும். மண்டபமே கைதட்டும், ஏனென்றால் அந்தப் பெண் எங்கள் எனிட். அந்த நேரத்தில் எனிட்டைத் தேடினால் மண்டபத்துச் சமையலறையில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் கொண்டு நிற்பார். வெட்கம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தோம்.

கடையில் வேறு யாருமில்லாத ஒரு மழை மத்தியானத்தில் அவரே என்னிடம் சொன்னார்.

"அது திரும்பி வந்தது இல்ல, கண்ணு. போறதுக்கு முன்னாடி எடுத்தது."

லண்டனிலிருந்து வந்த படக்குழுவுக்கு அவசரம். விடியற்காலையில் களைத்து இறங்குகிறவர்களை விளக்கு முன்னால் நிறுத்தி நடிக்க வைக்க முடியாது. அதனால் திரும்பி வருவதை மத்தியானமே எடுத்துவிடலாம் என்றார் இயக்குநர். பறப்பவர்கள் சகுனம் பார்ப்பவர்கள். "போகாமலே திரும்பி வர்றதா? நல்லாருக்குய்யா உங்க வேலை!" என்று ஒருவர் முரண்டு பிடித்தார். மேலிடத்து உத்தரவு என்றதும் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கொட்டகையில் விமானம் தரை தொட்ட பிறகே கோப்பையை நிமிர்த்துவது வழக்கம். அன்றைக்கு இயக்குநர் கைகாட்டினார், எனிட் ஏழையும் நிமிர்த்தினார்.

திரும்பத் திரும்ப எடுத்ததில் டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. விமானத்தின் வாலில் உட்காரும் துப்பாக்கிக்காரர் வில்ஃப் ஆர்மராட் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். ஏழு பேரிலும் அவருக்குத்தான் மேலே குளிர் அதிகம். "இது சினிமாவுக்கு. எனக்குச் சூடா ஒண்ணு எடுத்து வை, வந்து குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு பேரில் ஒருவரும் வரவில்லை. படத்தில் இறங்குவது வேறு விமானம்.

"நான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்லலியே" என்றார் எனிட். நீ சொல்லியிருந்தாலும் அவர்கள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டிருக்கும் என்றேன். அது தனக்கும் தெரியும் என்பதுபோல் தலையாட்டினார். தெரிந்து என்ன பயன்?

போன நவம்பரில் படம் போட்ட மறுநாள், கடைக்கு ஒரு வெளியூர் அம்மாள் வந்தார். நல்ல கோட்டு, கையில் தொப்பி. வாசலிலேயே தயங்கி நின்று, பிறகு உள்ளே வந்தார்.

"நீங்கதானே படத்துல டீ ஊத்துறவங்க? நான் நோரா. வில்ஃபோட தங்கச்சி."

எனிட்டின் கை மேடைமேல் அப்படியே நின்றது. பிறகு ஒரு கோப்பையை நிமிர்த்தி, டீ ஊற்றி, மூன்று கரண்டி சர்க்கரை போட்டார்.

போருக்குப் போன அண்ணன் திரையில் உயிரோடு அசைவதை அந்த அம்மாள் முதல்முறையாக நேற்றுத்தான் பார்த்தாராம். அண்ணனைக் காணவில்லை என்று மட்டும் தந்தி வந்ததாம். எந்தப் பறப்பில் என்று வீட்டுக்குத் தெரியாது. படத்தில் இருப்பது அதற்கு முந்தைய ஒன்று, அதிலிருந்து அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"எழுதுற லெட்டர்ல எல்லாம் குளிரு குளிருன்னே எழுதுவான். வெரலு மரத்துப் போகுதும்பான். அம்மா சாகுற வரைக்கும் அதையே சொல்லிப் பொலம்புனாங்க. அதான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். அன்னிக்கி வந்து எறங்குனப்ப... டீ சூடா இருந்துச்சா?"

உண்மையை மட்டும் சொல்லிவிடாதே தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். பொய் சொல்ல வராத பெண்பிள்ளை அவர். பழைய ரொட்டியைப் பழையது என்று சொல்லித்தான் விற்பார்.

எனிட் மேடையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு, கண்ணு. நாக்கச் சுட்டுக்கிட்டு என்னைத் திட்டுனாரு."

அந்த அம்மாள் சிரித்தார், அழுதார், கோப்பையைக் காலி செய்தார். எனிட்டின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடவே இல்லை. லிங்கன் பஸ் புறப்படும் நேரமாகிவிட்டதால் கிளிஃபே அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் ஏற்றினான்.

பஸ் திருப்பத்தில் மறைந்தது. வாசலில் யாருமில்லை. எனிட் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து நிமிர்த்தினார். கெட்டிலை மறுபடி கொதிக்கவிட்டு, புது டீ இறக்கி, விளிம்புவரை ஊற்றினார். மூன்று கரண்டி போட்டுக் கலக்கினார்.

எனக்குத்தானோ என்று நான் கையை நீட்டினேன்.

"அது உனக்கில்ல" என்று கோப்பையை வாசல் பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு, சூடு ஆறிவிடாமல், ஒரு தட்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்தார்.