பத்திரமாக வீடு மாற்றித் தரப்படும்

கண்ணாடிப் பாத்திரக் கிடங்கில் அவளுக்குப் பொட்டலம் என்றுதான் பெயர். ஊதினால் உடையும் கோப்பையைக்கூட அவள் காகிதத்தில் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டால், மாடியிலிருந்து உருட்டிவிட்டாலும் உள்ளே ஒரு கீறல் விழாது. ஒருமுறை மேலாளர் பந்தயம் கட்டி உருட்டியே பார்த்தார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே நின்ற காவலாளிக்குத்தான் கால் வீங்கியது.

முதலாளி கிடங்கை வேறு ஊருக்குக் கொண்டுபோனபோது பொட்டலத்தைக் கொண்டுபோகவில்லை. வீட்டில் சும்மா இருந்து பார்த்தாள். அவள் இருந்தாள், கை இருக்கவில்லை. சர்க்கரை டப்பா, கணவனின் மூக்குக்கண்ணாடி, டிவி ரிமோட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் காகிதத்தில் சுற்றி வைத்தாள். ரிமோட்டைத் தேடி அலுத்துப்போன கணவன், "உனக்கு ஒரு தொழில் வெச்சுக் கொடுக்கலைன்னா என்னையும் சுத்திக் கட்டி மூலையில வெச்சிடுவே" என்றான்.

அவன் சொந்த வேன் ஓட்டுகிறவன். நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். சைக்கிள்காரர்கள் மணியடித்து அவனை முந்திக்கொண்டு போவார்கள். உடைகிற சாமான் ஏற்ற இதைவிடத் தோதான ஆள் கிடைக்க மாட்டான் என்று பொட்டலத்துக்கு அன்றுதான் உறைத்தது. கட்டுவது அவள், ஓட்டுவது அவன், தூக்கிப் போட இரண்டு கூலியாட்கள். ஃபோன் எடுக்க ஓர் ஆள் வேண்டுமே என்று யோசிப்பதற்குள் கணவனின் அக்கா வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனாருக்கு வெண்கலக் குரல். பேச்சில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அடுத்தவர் சொல்வதைக் கேட்பதில்தான் கொஞ்சம் முன்னே பின்னே.

கம்பெனிக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். பலகையில் பெரிய எழுத்தில் 'பத்திரம்', அதன் கீழே சின்ன எழுத்தில் 'வீடு மாற்றித் தரப்படும்'. மறுநாளே ஃபோன் ஓயாமல் அடித்தது. கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் தங்கள் வீட்டை மனைவி பேருக்கு மாற்ற வேண்டும், அல்லது மனைவி பேரிலிருந்து திரும்ப வாங்க வேண்டும் என்றார்கள். தப்பான இடம் என்று சொல்லி வைத்திருக்கலாம். நாத்தனார் வைக்கவில்லை. "சம்சாரம் பேருக்கே எழுதிடுங்க சார், ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்" என்று எல்லோருக்கும் யோசனை சொன்னாள். சிலர் நன்றி சொல்ல மறுபடி கூப்பிட்டார்கள். சாமான் தூக்கத்தான் ஒருவரும் கூப்பிடவில்லை.

கடைசியில் ஒரு பல் டாக்டர் கூப்பிட்டார். பூங்காவுக்கு எதிரே பால்கனி வைத்த வீட்டுக்குக் குடிபோகிறாராம். நாத்தனார் விலாசம் வாங்கிக்கொண்டாள்.

"கதவு நம்பர் என்ன அண்ணி?" என்று கேட்டாள் பொட்டலம்.

"நம்பர் எதுக்கு? மூணாவது மாடி, லிஃப்டுக்கு இடது பக்கம். குருடன்கூடப் போயிடுவான்."

லிஃப்டை விட்டு வெளியே வருகிறவனுக்கு இடதா, லிஃப்டைப் பார்த்து நிற்கிறவனுக்கு இடதா என்று டாக்டரும் சொல்லவில்லை, நாத்தனாரும் கேட்கவில்லை.

லிஃப்டை விட்டு இறங்கி, இடது பக்கக் கதவைத் தட்டினார்கள். ஓர் அம்மா திறந்தாள். அவளுக்குப் பின்னால் ஹால் மூச்சு முட்டிக் கிடந்தது. அலமாரிக்கு மேல் அட்டைப்பெட்டி, அட்டைப்பெட்டிக்கு மேல் மின்விசிறி, அதற்கும் மேலே குடை. வழி என்று பார்த்தால் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குத்தான்.

"வீட்டுச் சாமான் ஏத்த வந்திருக்கோம்மா. சார் சொல்லியிருப்பாரே."

"அவரா சொன்னாரு? எந்த வீட்டுக்கு?"

"பூங்காவுக்கு எதிர்ல. பால்கனி வெச்ச வீடு."

"பால்கனியா!" அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணம் ஆனதுலேருந்து சொல்றேன், இந்த இடம் பத்தலை, வேற வீடு பாருங்கன்னு. ஊமை மாதிரி உட்கார்ந்திருந்துட்டு என்ன வேலை பண்ணியிருக்காரு பாருங்க! கல்லுளிமங்கன்!"

கணவருக்கு ஃபோன் போடப் போனவள், பாதியில் வைத்துவிட்டாள். "வேண்டாம். ஆசையா மறைச்சு வெச்சிருக்காரு, நானும் தெரியாத மாதிரியே இருக்கேன்."

பொட்டலத்துக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் முதல் கிராக்கி, கையும் பரபரவென்றது. கண்ணாடி டம்ளர், சுவர்க் கடிகாரம், ஊறுகாய் ஜாடி எல்லாம் காகிதச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டிக்குள் இறங்கின. பொட்டலத்தின் கணவன் வேனிலிருந்து அவ்வப்போது அக்காவுக்கு நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தான். மதியம் தாண்டியபோது ஹால் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிட்டது.

அப்போது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் இவர்களுடைய பெட்டிகளை ஏக்கத்தோடு பார்த்தார்.

"உங்க வேலை ரொம்ப சுத்தம்மா. நானும் ஒரு கம்பெனியை நம்பிக் காலையிலேருந்து தவம் கிடக்கிறேன். ஃபோன் பண்ணினா ஒரு பொம்பளை, 'மும்முரமா நடக்குது சார், பாதி வீடு ஏத்தியாச்சு'ன்னு வாய் கூசாம சொல்லுது. என் வீட்டுல ஒரு துரும்பு நகரலை!"

"சில பேர் அப்படித்தான் சார், பொறுப்பே கிடையாது" என்று அனுதாபப்பட்ட பொட்டலம், கம்பெனி அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் அங்கேயே நின்று எண்ணை அழுத்தினார். அவருடைய ஃபோன் திரையில் 'பிராடு' என்று பெயர் வந்தது. ஏற்கெனவே அப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்.

"பத்திரம்! சொல்லுங்க!" வெண்கலக் குரல் படிக்கட்டு வரை கேட்டது. "பல் டாக்டர் சாரா? எல்லாம் ஏத்தியாச்சு சார், இதோ கிளம்பறாங்க!"

டாக்டர் அட்டையைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். பொட்டலம் இரண்டு கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதே நேரம் லிஃப்டு திறந்து, வேலை முடிந்து வந்த ஒரு மனிதர் இவர்களைத் தாண்டி இடது பக்க வீட்டுக்குள் போனார். காலி ஹாலைக் கண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போயிட்டாளா?" என்றார், சுவரைப் பார்த்து. "சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நான்தான் காதுல வாங்கலை."

"எங்கே போவேன்?" அடுக்களையிலிருந்து அந்த அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். "நீங்கதானே பால்கனி வெச்ச வீடு பார்த்திருக்கீங்க?"

"நானா?"

அந்தச் சிரிப்பு நின்ற விதத்தைப் பொட்டலத்தால் பார்க்க முடியவில்லை. "அம்மா, தப்பு எங்க மேலதான். நாங்க எதிர் வீட்டுக்கு வந்தவங்க" என்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அந்த அம்மா திட்டவில்லை. கணவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கணவர் தயங்கித் தயங்கி அவள் கையைப் பிடித்தார். "இருக்கேல்ல. அது போதும்" என்றார்.

அவள் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள்.

"என்னங்க, இந்த ஹால் இவ்வளவு பெரிசா?"

அவள் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவர்களுக்கே அது புதிதாக இருந்தது. அலமாரிக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்ததே இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

சாமான்களை வேனிலிருந்து இறக்கித் திரும்ப மாடிக்கு ஏற்றினார்கள். அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அது என்ன?"

"இறக்கை இல்லாத மின்விசிறிம்மா."

"ஓரமா வை."

"எப்பவாவது உதவும்" என்றார் கணவர்.

"மூணு இருக்கு. மூணும் சேர்ந்து ஒருநாள் காத்து கொடுத்திருக்கா?"

டாக்டர் தன் கோபத்தை மறந்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். "அந்தக் குடையையும் உள்ளே விடாதீங்கம்மா, கம்பிதான் இருக்கு" என்று ஓட்டுப் போட்டார். வெளியே எடுத்ததில் பாதிகூட உள்ளே திரும்பவில்லை. பொட்டலம் அலமாரியை நகர்த்தி ஜன்னலை விடுவித்தாள். மாலை வெயில் ஹாலின் அந்தக் கோடிவரை வந்து விழுந்தது. கணவர் அந்த வெயிலில் போய் நின்று பார்த்தார். மின்விசிறிகளைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு எங்க வீட்டையும் முதல்ல இப்படிச் சலிச்சு எடுங்க. அப்புறம் ஏத்திக்கலாம்."

அந்தக் கட்டடம் முழுக்கப் பேச்சுப் பரவியது. குடிமாறுகிறவர்களைவிட, இருக்கிற வீட்டிலேயே நடக்க இடம் கேட்கிறவர்கள்தான் ஊரில் அதிகம் என்று பொட்டலத்துக்குத் தெரிய வந்தது. எல்லாவற்றையும் இறக்கி, சலித்து, வேண்டியதை மட்டும் ஏற்றுவது. வீடு மாறாமலே வீடு மாறிவிடும். ஆனால் கட்டுவதற்கு அவளுக்குக் கை போதும், 'வேண்டாம்' என்று சொல்லத்தான் வாய் வராது. யார் கண்கலங்கினாலும் உடைந்த டம்ளரையும் சுற்றி உள்ளே வைத்துவிடுவாள். யோசித்துப் பார்த்துவிட்டு, நேரே அந்த அம்மா வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"என்னை வேலைக்கா கூப்பிடுறே?"

"இல்லக்கா. பங்குக்கு."

சேர்ந்து செய்த முதல் வேலை, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் வீடு. அறை நிறையப் பழைய செய்தித்தாள். ஒன்றையும் தொடக் கூடாது என்று கைத்தடியோடு குறுக்கே நின்றார். பொட்டலம் பின்வாங்கிவிட்டாள். அந்த அம்மா முன்னால் போனாள்.

"இதைக் கடைசியா எப்ப சார் படிச்சீங்க?"

நீதிபதி யோசித்தார். "கேள்வி கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்" என்றார்.

"அப்போ நீங்களே கேட்டுக்கங்க. நாங்க வெளியே இருக்கோம்."

இரண்டு பேரும் படியில் போய் உட்கார்ந்தார்கள். உள்ளே காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்து, முதல் கட்டு செய்தித்தாளை நீதிபதியே தூக்கிக்கொண்டு வந்தார்.