அம்மா தைத்த பாய்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது முல்லைத்தீவுக் கரையில் எங்கள் படகு மூன்று கிழமையாக மணலில் கிடந்தது. எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. எண்ணெய்க் கப்பல்கள் வரும் கடல்வழியில் எங்கோ சண்டை என்று வானொலி சொன்னது. எங்கள் குழம்பில் மீன் இல்லாததற்கு யாரோ ஒரு கப்பல்காரன்தான் காரணம் என்று முடிவுகட்டி, முகம் தெரியாத அவன்மீது நான் கடும் கோபத்தில் இருந்தேன்.

"எஞ்சின் வாறதுக்கு முன்னம் என்ர அப்பா பாய் விரிச்சுத்தானே தொழிலுக்குப் போனவர்," என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். "அது மரவள்ளம். இந்தப் பைபர் படகைக் காத்து அள்ளிக்கொண்டு போயிடும்."

 போரில் இடம்பெயர்ந்த காலத்தில் எங்களுக்குக் கூரையாக இருந்த வெள்ளைத் தறப்பாளை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். அதை வெட்டி, இரண்டு நாள் இருந்து பாய் தைத்தார். மாமா சவுக்குக் கம்பைப் பாய்மரமாக நட்டார். முதல்நாள் படகு நண்டுபோலப் பக்கவாட்டில் போனது. கரை முழுதும் சிரித்தது. அம்மா பாயைக் கழற்றி, கீழ்ப்பக்கத்தைக் குறைத்து மறுபடி தைத்தார்.

அடுத்தநாள் விடிய, தரைக்காற்றில் அப்பாவும் மாமாவும் போனார்கள். மத்தியானக் கடற்காற்றில் திரும்புவதாகப் பேச்சு. மத்தியானம் கடந்தும் அந்தக் காற்று எழும்பவில்லை. அம்மா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கரையில் நின்றார். நானோ சிநேகிதிகளிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குத்தான் காற்று வந்தது. அதோடு ஒரு வெள்ளைப் புள்ளியும். இரண்டு பெட்டி நிறையப் பாரை மீன்! சிரித்தவர்களே அம்மாவிடம் பாயின் அளவு கேட்டார்கள். அடுத்த கிழமை எங்கள் கரையிலிருந்து ஏழு பாய்கள் கடலுக்குப் போயின. ஏழுக்கும் அம்மாவே அளவு வெட்டிக் கொடுத்தார்.

பக்கத்து முகாமிலிருந்து கடற்படை அதிகாரி ஒருவர் வந்து பாயைத் தொட்டுப் பார்த்தார். தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்: "யார் தைச்சது?"

"நான்தான்," என்றார் அம்மா.

"எண்ணெய் கொஞ்சமும் வேணாமா?"

"காத்து வந்தால் அதுவே காணும்."

அவர் தலையாட்டிவிட்டு நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பீரங்கி வைத்த படகுக்காரரே எங்கள் பாயைக் கண்டு பொறாமைப்படுகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தேன். அவருடைய படகும் டீசல் இல்லாமல் கட்டியபடியே கிடந்தது என்பதும், நாங்கள் காத்திருந்த அதே எண்ணெய்க் கப்பலைத்தான் அவரும் எதிர்பார்த்து நின்றார் என்பதும் எனக்கு அன்று விளங்கவில்லை.