கோல் பலகையில் இன்னொரு ஓட்டை

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதுதான் அவள் தொழில். பந்தாட்டம் இருக்கிற நாட்களில் மட்டும் மைதானத்துக் கோல் பலகையின் பின்னால் ஏணி வைத்து ஏறி, மேலே இருக்கும் பரணில் உட்கார்ந்துவிடுவாள். பலகையில் விளக்கு கிளக்கு எதுவும் கிடையாது. இரண்டு அணிக்கும் ஆளுக்கொரு சதுர ஓட்டை. கோல் விழ விழ, எண் எழுதிய தகரத்தைப் பின்னாலிருந்து மாற்ற வேண்டும். அவள் முக்காலி எப்போதும் எதிரணியின் ஓட்டைக்குப் பின்னால்தான் கிடக்கும். வேலை அங்கேதான். ஊரே அவளைப் பலகையம்மா என்றது.

அவள் மகள் நாட்டின் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். மற்ற நாட்களில் பார்சல் அலுவலகத்தில் மூட்டை தூக்குகிறவள். கோல் வாங்கியதும் நிமிர்ந்து பலகையைப் பார்ப்பாள். தகரம் மாறுகிற இடைவெளியில் அம்மாவின் முகம் ஒரு கணம் தெரியும். மகளுக்கு அது போதும்.

போன முறை அந்த முகம் கொஞ்சம் அடிக்கடியே தெரிந்தது. உலகக் கோப்பைகளில் ஆடிப் பழகிய பெரிய அணி வந்து பதினொரு கோல் போட்டது. ஓட்டையில் ஒரு தகரத்துக்குத்தான் இடம் என்பதால், ஒன்று எழுதிய இன்னொரு தகரத்தைக் கம்பியில் கட்டி வெளியே தொங்கவிட்டாள் பலகையம்மா. ஆட்டம் முடிகிற நேரத்தில் காற்று அதைப் பிய்த்துப் போட்டது. மறுநாள் பத்திரிகைப் படத்தில் மகள் முழங்காலில் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பலகை 0–1 என்று காட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு கோலுக்கா உங்க பொண்ணு இந்த அழுகை அழுதா?" என்று சலூன்காரர் கேட்டார். அவர் கடைப் பலகைக்கு அதன் பிறகு அவள் பெயின்ட் அடிக்கவில்லை.

இப்போது தகுதிச் சுற்றில் மறுபடியும் அதே அணி வருகிறது. ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம் கால்பந்துச் சங்கத்துச் செயலாளர் மைதானத்துக்கு வந்தார்.

"அவங்க பக்கம் இன்னொரு ஓட்டை போட்டுடுங்கம்மா. போன தடவை மாதிரி மானம் போகக் கூடாது."

"எதுல சார் மானம் போச்சு? பதினொண்ணு வாங்கினதுலயா, தகரம் விழுந்ததுலயா?"

"ரேடியோ கேக்கலையா நீங்க? எட்டு கோலுக்குக் குறையாதுங்கறாங்க."

"எட்டுதானே. அதுக்கு ஒரு ஓட்டையே போதும்."

செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "சாயங்காலத்துக்குள்ள போட்டாகணும். இல்லைன்னா நாளைக்கு வாடகைக்கு டிஜிட்டல் பலகை வந்துடும். நீங்க வீட்டுல உட்கார்ந்து டிவியில பாருங்க."

அவர் போன பிறகு பலகையம்மா ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெட்டாவிட்டால் நாளை மகள் நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே முகம் இருக்காது. வெட்டலாமென்றால் கை வரவில்லை.

பயிற்சி முடிந்து மகள் கையுறைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "என்னம்மா, ரம்பத்தைத் தாலாட்டிட்டு இருக்க?"

"என் பொண்ணுக்கு என் கையாலேயே குழி பறிக்கச் சொல்றாங்க." நடந்ததைச் சொன்னாள்.

மகள் பலகையை மேலும் கீழும் பார்த்தாள். போன முறை பாதிக்கு மேல் கார்னரிலிருந்து தலையால் முட்டிய கோல்கள். அதற்காகவே ஒரு வருடமாக அம்மா இந்தப் பரணிலிருந்து பந்துகளை வீச, மகள் கீழே நின்று எம்பி எம்பிப் பிடித்தாள். அம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கியதுதான் மிச்சம் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

"அவங்க ஒன்பதாம் நம்பர் இப்பவும் பின்னாலேர்ந்து ஓடி வந்துதான் முட்டுறா. முட்டட்டும். இந்தத் தடவை நான் கோல் கோட்டுலயே நிக்கப்போறதில்ல. வெளிய வந்து அவ தலைக்கு மேலயே பிடிப்பேன்."

"ரேடியோவுல எட்டுங்கறாங்களாம்டி."

"ரேடியோவா கோல்ல நிக்கப்போகுது?" மகள் ஒரு கையுறையை மாட்டிக் கழற்றினாள். "வெட்டும்மா. ஆனா ரெண்டு பக்கமும் வெட்டு. அவங்களுக்கு மட்டும் வெட்டினா அது என்னைப் பத்தின பேச்சு. ரெண்டு பக்கமும் வெட்டினா வெறும் பலகை வேலை."

பலகையம்மா வெட்டினாள். பிறகு நம் பக்கத்துத் தகரப் பெட்டியைத் திறந்தாள். அதில் பூஜ்யம், ஒன்று, இரண்டுதான் இருந்தன. மற்றவை எங்கே என்று அவளுக்கே தெரியும். எப்படியும் தேவைப்படாது என்று, கோழிக்கூண்டு ஒழுகியபோது அவள்தான் அவற்றைக் கொண்டுபோய்க் கூரையாக அடித்திருந்தாள். வீட்டுக்குப் போனாள். கோழிகள் கத்தக் கத்த ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

மறுநாள் காலையில் செயலாளர் வந்தபோது, பலகையின் நிழலில் மூன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாகச் சாய்ந்து நின்றன.

"நம்ம பக்கம் எதுக்கும்மா ரெண்டாவது ஓட்டை? ஏழு, எட்டெல்லாம் வேற எழுதி வெச்சிருக்கீங்க." அவர் குனிந்து விரலை நீட்டினார்.

"தொடாதீங்க சார், இன்னும் காயலை. நீங்க கேட்ட ஓட்டை இருக்கு. நீங்க கேக்காததும் இருக்கு. ஏணியைக் கொஞ்சம் பிடிங்க, நான் ஏறணும்."

அவர் பிடித்தார்.

மேலே போனதும் அவள் இரண்டு பக்கமும் பூஜ்யத்தை மாட்டினாள். பிறகு முக்காலியை இந்தப் பக்கம் இழுத்து, நம் அணியின் ஓட்டைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.