முப்பது செக்கனுக்கு நின்ற மிசின்

நாற்பது வருசம் கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டியவன் நான். படிப்பு இல்லை. தென்னையில் ஏறிக் குழாயைக் கட்டினால் மூன்று ஊருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும். இப்போது நெல்லியடியில் கடைகளுக்குச் சின்ன விளம்பர வீடியோ எடுக்கும் தர்சினியோடு மைக் பிடிக்கப் போய்வருகிறேன். அங்கே என் வேலை சத்தத்தை நிறுத்துவது. போடுவதைவிட நிறுத்துவது பெரிய கரைச்சல்.

அன்று நீர்வேலியில் சிவம் வீடு. அவரும் மனைவி ராணியும் வாழைக்காய்ச் சிப்ஸ் பொரித்து விற்கிறவர்கள். பின்னேரத்துக்குள் வீடியோ வந்தால் பார்த்து ஓடர் தருவதாகக் கொழும்புக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். சீவியது, பொரித்தது எல்லாம் எடுத்தாயிற்று. ராணி கடிக்கும் 'கறுக்' சத்தம் மட்டும் மிச்சம்.

"முப்பது செக்கன் வீடியோவுக்கு விடியத் தொடக்கம் என்ன கூத்து? என்ரை போனிலயே எடுத்திருப்பன்" என்றார் சிவம்.

"எடுத்திருக்கலாம் அண்ணை. பக்கத்துக் காணி மிசினும் சேர்ந்து கடிச்சிருக்கும்" என்றாள் தர்சினி.

பக்கத்துக் காணியில் கந்தையர் மிசின் போட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று நான் போய்க் கேட்டேன்.

"ரெண்டு மணி வரைக்கும் என்ரை முறை. நிப்பாட்டினால் அந்தத் தண்ணியை ஆர் தாறது? நீரோ?"

அது பங்குக் கிணறு. சிவமும் ஒரு பங்குக்காரர், அவருடைய முறை அடுத்த நாள். அதில் அரை மணித்தியாலம் தந்தால் மிசினை நிறுத்துவதாகக் கந்தையர் சொல்லிவிட்டார். சிவத்திடம் வந்தேன். அவர் கால் மணித்தியாலம் என்றார். திரும்பப் போனேன். அந்த வெயிலில் நான்கு தரம் நடந்தேன். வீடியோவில் அது எங்கே தெரியப்போகிறது?

கடைசியில் சிவம் அரை மணித்தியாலத்துக்கு ஒத்துக்கொண்டார். மிசின் நின்றது. நான் மைக்கை நீட்டினேன். ராணி கடித்தார். அதே நேரம் சிவத்தின் போன் அடித்தது. அவருடைய மச்சான். "வீடியோ முடிஞ்சுதோ?" என்று கேட்கத்தான் எடுத்தாராம்.

வாய்வரைக்கும் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு மைக்கைத் திரும்பச் சரிசெய்தேன்.

வேலிக்கு மேலால் கந்தையர் எட்டிப் பார்த்தார். "அடுத்த கடிக்கு இன்னொரு அரை மணித்தியாலம், சிவம்."

"சரி அண்ணை, அதையும் எடுங்கோ" என்று சிவம் போனை நிறுத்தினார். இரண்டாவது கடி சுத்தமாக விழுந்தது.

பின்னேரம் வீடியோ போனது. முதலில் நூறு பைக்கற் அனுப்பச் சொல்லிக் கொழும்பிலிருந்து பதில் வந்தது. சிவம் வேலியடிக்கு ஓடிப்போய்க் கந்தையருக்குப் போட்டுக் காட்டினார். அவர் போனைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"இதில என்ரை மிசின் எங்கை?"

"கேக்காது அண்ணை. அதுக்குத்தானே ஒரு மணித்தியாலத் தண்ணி தந்தனான்" என்றார் சிவம்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கு வீடியோ எடுக்கக் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, அன்றைக்குக் கிணற்றில் யாருடைய முறை என்பதைத்தான்.