கிணற்றுக்குள் போன பச்சை நூல்

1991 ஆவணி மாதம். நாங்கள் நீர்வேலியில் இருந்தோம். எனக்கு நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு, வந்து, சூடு இறங்கிவிட்டது. ஆனாலும் இன்னும் இரண்டு கிழமை படுக்கையில்தான் இருக்க வேண்டும், அடுப்படிப் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. பள்ளிக்கூடக் காலத்தில் வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து வைத்த தொடர்கதைக் கட்டுகள் என் பெட்டியின் அடியில் கிடந்தன. கல்யாணத்துக்குப் பிறகு அவற்றைத் தொட நேரம் கிடைத்தது அப்போதுதான். கண் களைத்தால் பின்னல். போர்க்காலத்தில் கடைகளில் நூல் ஏது? கணவர் மலைநாட்டில் வேலை பார்த்த காலத்துப் பச்சைச் சுவெட்டரைப் பிரித்து, கழுவிக் காயவைத்து, உருண்டையாகச் சுற்றிக்கொண்டேன். சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியை வளைத்து அவரே கொக்கி ஊசியும் செய்து தந்தார்.

"உந்த வெய்யிலுக்கை கம்பளித் தொப்பி ஆருக்குப் பிள்ளை?" என்று மாமி, கணவரின் தாய், கேட்பார். அவர் கஞ்சி காய்ச்ச நான் படுத்துக் கிடந்து கதை வாசிக்கிறேனே என்று மனம் உறுத்தும். அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் அது மறந்துபோகும்.

பக்கத்து வாழைத்தோட்டக் கொட்டிலில், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த கடற்றொழில் செய்யும் குடும்பம் ஒன்று இருந்தது. கணவனும் மனைவியும் மட்டும். தண்ணீருக்கு எங்கள் கிணற்றுக்குத்தான் வருவார்கள். ஆனால் தங்கள் கையால் அள்ளுவதில்லை. அந்த அக்கா குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். மாமியோ நானோ அள்ளி ஊற்றுவோம். சாதி பார்க்கிற பழைய வழக்கம். நான் படித்தவள்தான். ஆனாலும் மாமியின் வீடு, மாமியின் வழக்கம் என்று பேசாமல் இருந்தேன்.

அன்று காலை கணவர் வேலைக்குப் போனபின், கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மாமியும் போத்தல்களோடு புறப்பட்டார். "பிள்ளையிலை கண் வைச்சிரு. கிணத்தடிக்குப் போக விடாதை" என்று படலையில் நின்று மறுபடியும் சொன்னார்.

மகளுக்கு இரண்டரை வயது. கிணற்றுக் கட்டு என் முழங்கால் உயரம்தான். எனக்கோ எழுந்து நின்றால் தலை சுற்றும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பளி நூலின் நுனியை மகளின் மஞ்சள் சட்டையின் பின்நாடாவில் கட்டினேன். தேங்காய் அளவு உருண்டையை ஓலைப்பெட்டியில் போட்டுத் தலைமாட்டில் வைத்தேன். அவள் நடந்தால் உருண்டை பெட்டிக்குள் சரசரக்கும், தூரப் போனால் இழுத்து நிறுத்தலாம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு கதையை எடுத்தேன்.

அந்தக் கதையில் என்ன நடந்தது என்று இன்று ஞாபகமில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பெட்டியில் சத்தமில்லை. உருண்டை தேசிக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

கூப்பிட்டேன். பதிலில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நூலின் பின்னால் போனேன். அது மாதுளையைச் சுற்றி, உடுப்புக் காயவிடும் கொடிக்கம்பத்தை இரண்டு முறை சுற்றி, பிறகு எங்கும் சுற்றாமல் நேரே கிணற்றடிக்குப் போயிருந்தது. கட்டுக்கு மேலால் ஏறி உள்ளே இறங்கியிருந்தது.

எட்டிப் பார்த்தேன். கறுத்த தண்ணீரில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. நூலை இழுத்தேன். கனத்தது. இன்னும் இழுத்தேன். அறுந்துவிட்டது.

என்ன சொல்லிக் கத்தினேனோ தெரியாது. கொட்டிலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அக்காவின் கணவர் கையில் வலை ஊசியோடு ஓடிவந்தார். ஒரு தரம் உள்ளே பார்த்தார். "விலகுங்கோ தங்கச்சி" என்றார். அவ்வளவுதான், குதித்துவிட்டார்.

பின்னால் வந்த அக்கா "மாதாவே!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டு, "பிள்ளை விழுந்ததைக் கண்டனீங்களோ?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். இல்லையென்று தலையாட்டினேன். உடனே அவர் வளவுக்குள் தேடி ஓடினார்.

கிணற்றுக்குள் குதித்தவர் மேலே வந்தபோது கையில் சட்டை இருந்தது. சட்டை மட்டும். பிள்ளை அதிலிருந்து நழுவி அடிக்குப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். அவர் சட்டையை மேலே எறிந்துவிட்டு மறுபடியும் மூழ்கினார். வந்து, மூச்செடுத்து, தலையாட்டிவிட்டு மறுபடியும் மூழ்கினார். எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. ஈரச் சட்டையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றேன். கதை வாசித்தேனே, கதை வாசித்தேனே என்பது மட்டும் தலைக்குள் ஓடியது.

"இஞ்சை ஓடி வாங்கோ! கள்ளி பங்கருக்கை இருக்கிறா, உடுப்பு ஒண்டுமில்லாமல்!"

அக்காவின் குரல். புழுங்கினால் சட்டையைக் கழற்றி எறிவது மகளின் பழக்கம். அன்று கழற்றிய சட்டையை, வாளி விடுவதுபோல நூலில் கட்டியபடியே கிணற்றுக்குள் விட்டிருக்கிறாள். "நான் தண்ணி அள்ளினனான்" என்று அழுதாள். சட்டை திரும்பி வராததால் பயந்து பதுங்குகுழிக்குள் ஓடியிருக்கிறாள். பயம் வந்தால் அங்கே ஓட வேண்டும் என்று பழக்கியது நாங்கள்தான்.

அக்காவின் கணவர் கிணற்றுக் கல்லைப் பிடித்து ஏறி வந்தார். முழங்கை உரிந்து இரத்தம் வடிந்தது. பிள்ளையைக் கண்டு சிரித்தார். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோலக் கிணற்றுக் கட்டை விட்டு விலகி, அந்த அக்கா வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றார்.

"தங்கச்சி, அவசரத்திலை கேளாமல் கிணத்துக்கை இறங்கிப்போட்டன். மாமியைக் குறை நினைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. வேணுமெண்டால் நானே முழுக்க இறைச்சுத் தாறன்."



மாமி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பேத்தியைக் கட்டிப்பிடித்து அழுதார். கிணற்றைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் அக்கா குடத்தை வைத்துவிட்டு முன்போலவே தள்ளி நின்றார். மாமி அள்ளி ஊற்றினார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் எழுந்து போய், கயிற்றை அக்காவின் கையில் கொடுத்தேன். "நீங்களே அள்ளுங்கோ அக்கா." அவர் பயந்து அடுப்படி வாசலைப் பார்த்தார். அங்கே நின்ற மாமி அக்காவின் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு, "கயிறு வழுக்கும், பாத்துப் பிடி பிள்ளை" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

தண்ணீரில் தெரிந்த அந்த மஞ்சளை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கும். ஆனால் அதைவிடப் பயமாக இருப்பது, என் பிள்ளைக்காக மூச்சடக்கி மூழ்கிய மனிதர் என்னிடமே மன்னிப்புக் கேட்டு நின்றதும், அதற்குப் பிறகும் இரண்டு நாள் நான் யன்னலால் பார்த்துக்கொண்டு கிடந்ததும்தான்.