அசனத்தில் முதல் படி அரிசி

இது ஊர் சுற்றப் போன பயணம் அல்ல. தம்பி சாம்சனிடமிருந்து என் உரிமையைத் திரும்ப வாங்கப் போனேன்.

சாயர்புரம் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஆண்டுக்கொரு முறை அசனம், அதாவது ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. உலையில் முதல் படி அரிசி போடுவது எங்கள் குடும்பத்து மூத்த மகன். நான் சுவீடனில் இருந்த காலமெல்லாம் சாம்சன் போட்டான். நாடு திரும்பி மூன்று ஆண்டாகியும் அவனேதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலையில் தூத்துக்குடியில் இறங்கினேன். உலை வைக்கப் பத்து மணியாகும். உட்கார முடியவில்லை. கடற்கரைச் சாலையில் துறைமுகப் பக்கமாக நடந்து, திரும்பி, மறுபடி நடந்தேன். வாயில் ஒரே சொல். ‘ரெட்மேத்திக்’ என்று சுவீடன் மொழியில் ஒரு பெயரடை. உரிய வாரிசு, உரிய கோபம் இரண்டுக்கும் பொருந்தும். ஜெர்மன் வழியாக வந்தது. முன்பாதி நியாயம், பின்பாதியின் வேர் அளவு. நியாயத்தின் அளவுக்கு ஒத்தது என்று சொல்லலாம். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வை அங்கே வேறொருவனுக்குக் கொடுத்தபோது அந்தச் சொல்லைப் போட்டுப் புகார் எழுதினேன். பலனில்லை.

சாயர்புரத்துக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ நூறு ரூபாய்.

"அசனத்துக்கா அண்ணாச்சி? சோறு வாங்க ஏனம் கொண்டாரலியா? அப்போ வெளியூருதாம்" என்றார் ஆட்டோக்காரர். ஏனம் என்றால் பாத்திரம்; வீட்டுக்குச் சோறு வாங்கிப் போக உள்ளூர்க்காரர்கள் கொண்டுவருவார்கள்.

சாம்சன் முகமெல்லாம் புகையோடு அடுப்படியில் நின்றான், கையில் படி.

"நான் போடுதேன்" என்றேன்.

"போடுண்ணே" என்று நீட்டிவிட்டான். வழியெல்லாம் சேர்த்துவைத்த வாதம் வீணாயிற்று. படியைக் கோபுரமாகக் குவித்து அள்ளினேன்.

"ஏலே, தலையத் தட்டிப் போடு!" என்று கத்தினார் சமையலைக் கவனித்த துரைராஜ் சித்தப்பா. எந்த வீடானாலும் தலை தட்டிய ஒரு படிதான் என்பது ஊர் வழக்கம். எனக்கு மறந்தே போயிருந்தது.

"மூத்தவன் போடுதேன் சித்தப்பா."

"மூத்தவனுக்குன்னு தனிப் படியா செஞ்சு வச்சிருக்கு?"

காய் நறுக்கிய பெண்கள் சிரித்தார்கள். சாம்சன் சிரிக்காமல் தன் உள்ளங்கையால் மேலரிசியை வழித்துவிட்டான். போட்டேன்.

"அடுத்த வருசமும் நாந்தாம்" என்றேன்.

"சரிண்ணே. மொத நாளே வந்துரு. அசனத்துக்கு வெறகு கீறுததும் மூத்தவந்தாம்."

அப்போதுதான் அவன் கையிலிருந்த கொப்புளங்களைப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகள் இதை ஏன் சொல்லவில்லை என்று அவன்மேல் புதிதாக ஒரு கோபம் வந்தது. அது உரிய கோபமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: பந்தி மதியம் தொடங்கும், அழைப்பு வேண்டாம், இடம் கண்ட இடத்தில் உட்காரலாம். முந்தின நாளே போனால் கோடரி கிடைக்கும். நான் எந்த நாள் போவதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.